அரங்கத்தை வரையும் முன் ஒரு வாரத்தை வரையுங்கள்

முதல் கூட்டத்தில் திரையில் ஒரு படம் போட்டார்கள். அந்தி வெளிச்சத்தில் பளபளக்கும் கண்ணாடிச் சுவர், முன்னால் புல்வெளி, புல்வெளியில் பலூன் பிடித்த ஒரு குழந்தை. உள்ளே யாரோ எறிந்த பந்து வளையத்துக்கு ஒரு சாண் மேலே அப்படியே நிற்கிறது. எல்லோரும் கைதட்டினோம். பழைய அரங்கத்தில் இருபது வருடமாகச் சாவிக்கொத்தோடு நடமாடும் பராமரிப்பாளர் அண்ணன் மட்டும் கையைத் தூக்கினார்.

"படம் நல்லா இருக்கு சார். வாலிபால் கம்பத்தை எங்க வைப்பீங்க?"

அறையே சிரித்தது. பதில்தான் யாரிடமும் இல்லை.

நான் வாலிபால் பயிற்சியாளர். நகரத்துக்குப் புதிதாக ஒரு பல்நோக்கு உள்விளையாட்டரங்கமும், அதைச் சுற்றித் திறந்தவெளியும் அமைக்கும் திட்டத்தில், பயன்படுத்துவோர் சார்பில் உட்கார என்னையும் அழைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் உட்கார்ந்தேன். கட்டடம் எழும்பிவிட்டது, இப்போது வாரத்தில் ஐந்து நாள் அதற்குள்தான் நிற்கிறேன். சரியாகச் செய்தது கொஞ்சம், கோட்டைவிட்டது கொஞ்சம். இதே வேலையில் யாராவது இறங்கப்போகிறீர்கள் என்றால் இரண்டும் உதவும் என்று எழுதுகிறேன்.

அன்று இரவு வீட்டுக்குப் போய் ஒரு பெரிய சார்ட் பேப்பரில் கட்டம் போட்டேன். குறுக்கே ஏழு நாள். நெடுக்கே காலை 6 முதல் இரவு 10 வரை மணிக்கு ஒரு கட்டம். ஆக 112 கட்டங்கள். பழைய அரங்கத்தின் முன்பதிவு நோட்டை அண்ணனிடம் வாங்கி, யார் எப்போது வருகிறார்கள் என்று கலர் பென்சிலால் நிரப்பினேன். நோட்டில் இல்லாதவை அவர் தலைக்குள் இருந்தன. பேட்மிண்டன்காரர்கள் அரை மணி முன்னாலேயே வந்து ஓரமாக நிற்பார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் போன பிறகு மெத்தைகளை இழுத்து அடுக்க இருபது நிமிடம் போகும். அந்த இருபது நிமிடம் அடுத்த குழுவின் கணக்கில்தான் கழியும். சண்டை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். இதையும் பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் சார்ட்டைச் சுவரில் ஒட்டினோம். வாரநாட்களில் மாலை 5 முதல் 9 வரை ஒரே கட்டத்துக்குள் நாலு கலர் முட்டிக்கொண்டிருந்தது. காலை 9 முதல் 3 வரை வெறும் வெள்ளைத் தாள். பார்வையாளர் கூட்டம் வரும் போட்டிகளைச் சிவப்பில் குறிக்கச் சொன்னார்கள். அந்த வாரத்தில் ஒரு கட்டம்கூடச் சிவக்கவில்லை. வருடம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதுவரை எங்கள் வாதமெல்லாம் எத்தனை இருக்கை என்பதைப் பற்றித்தான் இருந்தது. சார்ட் வந்ததும் அந்த வாதம் தானாகவே படுத்துவிட்டது. நிரந்தர கேலரி வேண்டாம், சுவரோடு மடிந்துகொள்ளும் இருக்கைகள் போதும் என்று ஒத்துக்கொண்டோம். நாலு கலர் ஒரே மணிக்குள் அடங்க வேண்டும் என்றால் அரங்கத்தைத் திரை இறக்கி மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்பதும் புரிந்தது. பகல் வெள்ளைக்கு, பெரிய அரங்கத்தைத் திறக்காமலேயே பயன்படுத்தக்கூடிய ஒரு சின்ன கூடம் பக்கத்தில் வந்தது. முதியோர் உடற்பயிற்சி, நடனம், டேபிள் டென்னிஸ் எல்லாம் அதில்.

ஒரு எச்சரிக்கை. முன்பதிவு நோட்டு, வருகிறவர்களைத்தான் காட்டும். இடம் கிடைக்காமல் விட்டுப்போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடிப் போனோம். இரவு 9 மணி மட்டுமே கிடைத்ததால் கலைந்துபோன ஒரு பெண்கள் அணி இருந்தது. படியேற முடியாததால் வேறு ஊரில் போய் ஆடிக்கொண்டிருந்த சக்கர நாற்காலி பாஸ்கெட்பால் வீரர்கள் இருந்தார்கள். போன இடத்தில் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லோருக்கும் நீச்சல்குளம்தான் வேண்டும். "கடைசியா எப்ப விளையாடினீங்க, ஏன் நிறுத்தினீங்க" என்று கேளுங்கள். அதற்கு மட்டும் உண்மையான பதில் வரும்.

அளவுக்கு வருகிறேன். ஹேண்ட்பாலும், உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலும் 40-க்கு 20 மீட்டர் கேட்கும். பாஸ்கெட்பால் 28-க்கு 15. வாலிபால் 18-க்கு 9. பேட்மிண்டன் 13.4-க்கு 6.1. இந்த எண்களைக் கூட்டி ஒரு செவ்வகம் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் விளையாடுவது கோட்டுக்கு உள்ளே மட்டுமில்லை. வாலிபாலுக்கு நாலு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம் வேண்டும். பாஸ்கெட்பாலுக்குச் சுற்றிலும் 2 மீட்டர்.

ஜெர்மனியில் நெடுங்காலமாகப் பள்ளிகளிலும் நகரங்களிலும் கட்டப்படும் மூன்று பிரிவு அரங்கம் 45-க்கு 27 மீட்டர். ஏன் இந்த விசித்திரமான எண் என்று யோசித்து, வரைந்து பார்த்தேன். 45-ஐ மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 15-க்கு 27. வாலிபால் களத்தோடு காலியிடத்தைச் சேர்த்தால் 15-க்கு 24. கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது! திரையைத் தூக்கிவிட்டால் முழு நீளத்தில் ஹேண்ட்பால் களம். இங்கிலாந்தில் வழக்கமான நாலு பேட்மிண்டன் களம் கொண்ட அரங்கம் 34.5-க்கு 20 மீட்டர். அதில் பாஸ்கெட்பால் நன்றாக ஆடலாம், முழு அளவு ஹேண்ட்பால் முடியாது. இரண்டில் எது சரி என்று கேட்டால், உங்கள் சார்ட்டைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். எங்கள் சார்ட்டில் மாலை நெரிசல்தான் பிரச்சினை. அதனால் 45-க்கு 27.

எண்களைக் காகிதத்தில் பார்த்து ஒத்துக்கொண்டவர்கள், இடத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றியதும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான வாகன நிறுத்துமிடத்தில் சாக்பீஸும் டேப்பும் வைத்து முழு அரங்கத்தையும் தரையில் வரைந்தோம். மடக்கு இருக்கைகள் மூடியிருக்கும்போதும் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும், அதையும் வரைந்தோம். என் அணிப் பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே விழுந்து பந்து எடுக்கச் சொன்னேன். இரண்டாவது பந்துக்கே ஒரு பெண், இருக்கைகள் என்று போட்டிருந்த கோட்டுக்குள் தோள் வரைக்கும் போய்விட்டாள். அங்கேயே நின்று ஆர்க்கிடெக்ட் சுவரைத் தள்ளிப் போட்டார். அரை நாள் வேலை, செலவு ஒரு பெட்டி சாக்பீஸ். வரைபடத்தை அங்கீகரிப்பதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

உயரத்தில் தயவுதாட்சண்யம் கூடாது. வாலிபாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் தரையிலிருந்து 7 மீட்டர் வரை எந்தத் தடையும் இருக்கக் கூடாது. பேட்மிண்டனில் உலக அளவிலான பெரிய போட்டிகளுக்கு 12 மீட்டர். கிளப் ஆட்டத்துக்கு 9 இருந்தால் நிம்மதி. கவனிக்க வேண்டியது ஒன்று: அளக்க வேண்டியது கூரை வரைக்கும் இல்லை, கூரையில் தொங்குவதன் அடி வரைக்கும். உத்தரம், விளக்கு, காற்றுக் குழாய், சுருட்டி ஏற்றிய திரை எல்லாம் சேர்ந்து ஒன்றரை மீட்டரைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

இனி, நாங்கள் செய்த பெரிய தப்பு. ஸ்டோர் ரூம்.

இங்கிலாந்தின் விளையாட்டு அமைப்பு தரும் வழிகாட்டல்படி, சாமான் அறை அரங்கத் தரைப்பரப்பில் குறைந்தது 12.5 சதவீதம் இருக்க வேண்டும். எங்கள் அரங்கம் 1,215 சதுர மீட்டர். அதாவது 150-ஐத் தாண்டி வர வேண்டும். முதல் வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது, நீளவாட்டுச் சுவர் முழுக்க. பிறகு செலவைக் குறைக்கும் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் தங்களுக்குப் பிடித்ததைக் காப்பாற்றப் பேசினார்கள். நான் கூரை உயரத்துக்குப் பேசினேன். ஸ்டோர் ரூமுக்கு என்று பேச ஒரு ஆள் இல்லை. மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அன்று அண்ணனைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், ஹேண்ட்பால் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். நாலு கோல்களில் இரண்டு உள்ளே போகின்றன, இரண்டு நடைபாதையில் நிற்கின்றன. நடைபாதை அவசர வழி. மாதம் ஒருமுறை யாராவது வந்து எடுக்கச் சொல்வார்கள், எடுப்போம், திரும்ப வைப்போம். ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தையை எடுக்க வேண்டுமானால் முதலில் டேபிள் டென்னிஸ் மேசைகளை வெளியே இழுக்க வேண்டும். சார்ட்டில் அந்த இருபது நிமிடத்தை எழுதி வைத்ததே இதைத் தவிர்க்கத்தான். அதுதான் இன்னமும் கழிந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் ஸ்டோர் ரூம் வரையும்போது, வைக்கப்போகும் ஒவ்வொரு சாமானையும் அளவெடுத்து, காகிதத்தில் வெட்டி, அறைக்குள் அடுக்கிப் பாருங்கள். எதையும் நகர்த்தாமல் எந்தச் சாமானையும் எடுக்க வர வேண்டும். அரங்கத்தின் மூன்று பங்குக்கும் தனித்தனிக் கதவு வேண்டும்; இல்லாவிட்டால் நடுப் பங்கில் ஆட்டம் நடக்கும்போது ஓரப் பங்குக்காரர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குள் வருவார். கதவு, கோல் நிமிர்ந்து நுழையும் அகலமும் உயரமும். இது மட்டும் எங்களுக்குச் சரியாக அமைந்தது.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 14904 தெளிவாகச் சொல்லிவிடுகிறது: அதிர்ச்சியை 25 முதல் 75 சதவீதம் வரை தரை வாங்கிக்கொள்ள வேண்டும், 5 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கக் கூடாது, பந்து கான்கிரீட்டில் எழும்புவதில் 90 சதவீதமாவது எழும்ப வேண்டும். சோதனைச் சான்றிதழ் கேளுங்கள், போட்ட தரையில் எடுத்த சான்றிதழ். அவ்வளவுதான். சிக்கல் கோடுகளில்தான். ஆறு விளையாட்டுக்கு ஆறு கலரில் கோடு போட்டால் தரை நூடுல்ஸ் தட்டு மாதிரி ஆகிவிடும்; பதற்றத்தில் எது வெளிக்கோடு என்று வளர்ந்தவர்களுக்கே தெரியாது. சார்ட்டில் அதிக மணிநேரம் எடுக்கும் விளையாட்டுக்குத் தரையோடு நன்றாக மாறுபடும் நிறம், மற்றவற்றுக்கு மங்கல் நிறங்கள் என்று வைத்தோம். வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆட்டத்துக்கு நிரந்தரக் கோடே கிடையாது, டேப்தான்.

பார்வையற்றோர் ஆடும் கோல்பால் எங்களுக்குப் புது விஷயம். களம் வாலிபால் அளவேதான், 18-க்கு 9. பந்துக்குள் மணி இருக்கும். சத்தத்தை வைத்து ஆடுவார்கள். டேப்புக்கு அடியில் நூல் ஓட்டி, விரலால் தடவிக் கோட்டைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் வந்து பழைய அரங்கத்தில் ஒரு மணி நேரம் ஆடிக் காட்டினார்கள். பாதி நேரம் ஆட்டம் நின்றுவிட்டது. காரணம், பக்கத்துப் பங்கில் என் பிள்ளைகள்.

அப்போதுதான் சத்தம் ஒரு தனி விஷயம் என்று என் மரமண்டைக்கு உறைத்தது. அதுவரை பயிற்சி முடிந்து தொண்டை கட்டிக்கொண்டு போவது பயிற்சியாளரின் தலையெழுத்து என்றே நினைத்திருந்தேன். ஒலியியல் ஆலோசகர் வந்து களத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். தட்டிவிட்டுப் பேசாமல் நின்றார். சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி, கூரைக்கு ஏறி, இறங்கி, மெல்ல மெல்லச் செத்தது. "இதுக்குள்ளதான் நீங்க முப்பது பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறீங்க" என்றார்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் கிளெமென்ட் சபைன். 1895-இல், பேசினால் ஒன்றும் புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யச் சொல்லி அவரிடம் விட்டார்கள். பக்கத்து அரங்கத்தின் நாற்காலி மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயின் சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துகொண்டே இருந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் எளிமையானது. கன அளவை 0.161-ஆல் பெருக்கி, விரும்பும் எதிரொலி நேரத்தால் வகுத்தால், எத்தனை சதுர மீட்டர் ஒலி உறிஞ்சும் பரப்பு வேண்டும் என்று வரும். எங்கள் அரங்கம் 45-க்கு 27-க்கு 9. கன அளவு 10,935 கன மீட்டர். இரண்டு நொடிக்குள் அடங்க வேண்டுமென்றால் சுமார் 880 சதுர மீட்டர். கூரையில் கிட்டத்தட்ட முக்கால்வாசி! "கடைசியில் ரெண்டு பேனல் ஒட்டிக்கலாம்" என்ற பேச்சு அதோடு முடிந்தது. கூரையே துளையிட்ட, உள்ளே பஞ்சு வைத்த தகடாக வந்தது. கூரை மட்டும் போதாது, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சத்தம் பந்து மாதிரி ஆடும் என்று, பந்து அதிகம் படாத மேல்சுவரிலும் வைத்தோம். பிரிக்கும் திரையும் இரட்டைத் திரை. இதில் ஒரு பைசாகூடக் குறைக்க விடவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் பேச ஆளில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வையுங்கள்.

வெளிச்சம், காற்று. இரண்டிலும் பேட்மிண்டன்காரர்கள் சொல்வதைக் கேட்டுவிடுங்கள், மற்றவர்களுக்குத் தானாகச் சரியாகிவிடும். ஷட்டில்காக்கின் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரைதான். காற்றுக் குழாயின் வாய் களத்தைப் பார்த்து இருந்தால் அது போகிற போக்கில் போய் விழும். அண்ணாந்து பார்க்கும் விளையாட்டு என்பதால் விளக்கு களத்துக்கு நேர் மேலே கூடாது. களங்களுக்கு இடையில், பக்கவாட்டில் வரிசையாக. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; கிளப் ஆட்டத்துக்கு 500 லக்ஸ், உயர்மட்டப் போட்டிக்கு 750 என்று இரண்டு நிலைகளில் ஏற்றி இறக்கும்படி வைத்தோம். முதல் படத்தில் கண்ட கண்ணாடிச் சுவர்? ஒரு கோலுக்குப் பின்னால் அந்திச் சூரியன். எதிர்ப்பக்கக் கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பகல் வெளிச்சம் வேண்டுமானால், பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் வடக்குப் பக்கமும், தெற்கே இருப்பவர்கள் தெற்குப் பக்கமும் உயரத்தில் சன்னல் வைக்கலாம். அல்லது கூரை வழியாக. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஹேண்ட்பால் நடந்து, பிறகு பொதுமக்களுக்கான பல்நோக்கு அரங்கமாக மாறிய காப்பர் பாக்ஸ் கூரையில் 88 ஒளிக்குழாய்கள் வெயிலை உள்ளே இறக்குகின்றன.

சக்கர நாற்காலிக்காரர்கள் விஷயத்தில், சாய்தளம் 12-க்கு 1 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்று வரைபடத்தில் இருந்ததைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஒரு வீராங்கனை ஆடுகிற நாற்காலியிலேயே வந்து, மாதிரிக் கதவுச் சட்டத்தின் முன் நிறுத்தி, இரண்டு கையையும் சக்கரத்தின் மேல் விரித்து வைத்துக் காட்டினார். ஆடும் நாற்காலியின் சக்கரங்கள் அடியில் விரிந்து சாய்ந்திருக்கும். அன்றாட நாற்காலியைவிட அகலம். அவர் விரல் முட்டிகள் சட்டத்தில் உரசின. "இதுல நான் வந்துடுவேன். தோல் வராது." வழியில் இருந்த கதவுகள் அத்தனையையும் அகலமாக்கினோம். உடைமாற்றும் அறையிலிருந்து களம் வரை, வழியில் உள்ள ஒவ்வொரு கதவும். ஒன்று விட்டாலும் மற்றது வீண். பார்வையாளர் பக்கத்தில் இன்னொன்றும் சொன்னார்: பின்னால் இருப்பவர் எழுந்து நின்றால் பரவாயில்லை, முன்னால் இருப்பவர் எழுந்து நின்றால் எங்களுக்கு ஆட்டம் போச்சு. அந்த இடங்களை உயர்த்திப் போட்டோம்.

கூரைக்கு ஒரு பத்தி. 1978 ஜனவரி 18 விடியலில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர அரங்கத்தின் கூரை பனிப் பாரத்தில் அப்படியே கீழே வந்தது. சில மணி நேரத்துக்கு முன்தான் பாஸ்கெட்பால் ஆட்டம் முடிந்து ஆயிரக்கணக்கானோர் வெளியே போயிருந்தார்கள். 2006 ஜனவரி 2 அன்று ஜெர்மனியின் பாட் ரைக்கன்ஹால் பனிச்சறுக்கு அரங்கத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை; 15 பேர் இறந்தார்கள். அங்கே மர உத்தரங்களை ஒட்டிய பசை ஈரத்தைத் தாங்காத வகை. இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னபோது பயமுறுத்தாதீர்கள் என்றார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: கூரைக்குள் மனிதர் ஏறிப் பார்க்க வழி இருக்கிறதா, வருடத்தில் எந்த நாள் பார்ப்பீர்கள், அந்த நாளை சார்ட்டில் இப்போதே குறிப்பீர்களா. குறித்தோம். பின்னாளில் ஸ்பீக்கர், ஸ்கோர்போர்டு என்று ஆளாளுக்குத் தொங்கவிடாமல், எங்கே எத்தனை கிலோ என்பதை ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கிறது.

திறந்தவெளி எங்கள் திட்டத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. வரைபடத்தில் பச்சைக் கலர் அடித்து, வட்டமாக நாலு மரம். முதல் இரண்டு வருடம் அதை யாரும் சீண்டவில்லை. அதற்கும் ஒரு சார்ட் போடலாம் என்று யோசனை சொன்னது ஆர்க்கிடெக்ட். நாங்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, அந்த இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் போய் உட்கார்ந்து, யார் கடக்கிறார்கள் என்று எழுதினோம். விடியலில் நடப்பவர்கள். பள்ளி விடும் நேரத்தில் குறுக்கே ஓடும் பிள்ளைகள். அவர்கள் கால்பட்டு ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது, எங்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் சுவர். இருட்டியதும் ஒரு பெண்கூட இல்லை.

1990-களில் வியன்னாவில் இதையே முறையாகப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது பத்து வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காக்களில் குறைந்துபோவது ஆய்வில் தெரிந்தது. காரணம் ஆர்வமின்மை இல்லை. நடுவில் கம்பிவேலி போட்ட ஒரே பந்துக் களம், ஒரே வாசல். பெரிய பையன்கள் வாசலில் நின்றால் மற்ற யாரும் நுழைவதில்லை. 1999-இல் ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். களத்துக்கு வழிகளைத் திறந்துவிட்டு, ஒரே பெரிய இடத்தைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்து, வாலிபால், பேட்மிண்டன் மாதிரியானவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள்.

எங்கள் வெளிக்களத்துக்கு மூன்று வாசல் வைத்தது அதைப் படித்த பிறகுதான். வேலி ஓரம் முழுக்க உட்காரும் திண்ணை. ஆடாமல் பார்த்துக்கொண்டிருக்க இடமிருந்தால், பார்க்கிறவர் பத்தாவது நாள் ஆடவும் வருவார். கழிவறைக்கு வெளிப்பக்கமிருந்தும் கதவு, அரங்கம் பூட்டியிருந்தாலும் திறந்திருக்கும்படி. இது அற்ப விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் யார் தங்குவார்கள் என்பதை இந்தக் கதவுதான் தீர்மானிக்கிறது. பாதை விளக்கைப் பொறுத்தவரை, பளீரென்று நாலு கம்பத்தைவிட, இடையில் இருட்டுத் திட்டு விழாதபடி மிதமாக நிறைய விளக்குகள். எதிரே வருபவர் முகம் தெரிய வேண்டும். அதுதான் அளவுகோல்.

மரங்கள் ஏற்கெனவே நின்றன. அவற்றைக் காப்பாற்ற பிரிட்டிஷ் தரநிலையில் ஒரு எளிய விதி இருக்கிறது: ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, 12-ஆல் பெருக்குங்கள். அந்த ஆரத்துக்குள் தோண்டவும் கூடாது, லாரி ஏறவும் கூடாது. 50 சென்டிமீட்டர் தண்டுக்கு 6 மீட்டர். வேலை தொடங்கும் முன்பே வேலி போட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு மரத்துக்கு ஒரு வாரம் தாமதமாகப் போட்டோம். அந்த ஒரு வாரத்தில் அதன் அடியில் ஜல்லி கொட்டி, வண்டி ஏறி, மண் இறுகிவிட்டது. இரண்டாவது வருடம் உச்சியிலிருந்து காய ஆரம்பித்தது.

மழைத் தண்ணீர்க் கணக்கு யாருக்கும் புரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். துணை அறைகளையும் சேர்த்து 2,000 சதுர மீட்டர் கூரை என்றால், 50 மில்லிமீட்டர் மழையில் 1 லட்சம் லிட்டர் இறங்கும். அதைக் குழாயில் பிடித்து வெளியே தள்ளுவதற்குப் பதிலாக, புல்வெளியின் நடுவே பள்ளமாக ஒரு திடல் விட்டோம். மழை நாளில் குளம், மற்ற நாளில் பிள்ளைகள் உருளும் சரிவு. படத்தில் இருந்த சமதளப் புல்வெளியைவிட இதில்தான் கூட்டம்.

வெளிக்களத்தில் கோட்டைவிட்டதும் ஒன்று உண்டு: வேலியின் சத்தம். பந்து கம்பிவலையில் மோதும் 'சளார்' பக்கத்து வீடுகளுக்கு இரவு 9 மணிக்கு எப்படிக் கேட்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. உள்ளே எதிரொலிக்கு அத்தனை கணக்குப் போட்டவர்கள்! இப்போது வலைக்கும் கம்பத்துக்கும் இடையில் ரப்பர் வைத்து, வெளிவிளக்கை 9-க்கே அணைக்கிறோம்.

திறந்து ஒரு வருடம் ஆகிறது. பழைய சார்ட் கிழிந்துவிட்டது. புதியதை அண்ணனே போட்டு ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். வாலிபால் கம்பங்கள் அதற்குக் கீழே, சக்கரம் வைத்த தாங்கியில். மாலை 5 முதல் 9 வரை கலர்கள் இப்போது வரிசையாக நிற்கின்றன, முட்டிக்கொள்ளவில்லை. பகல் வெள்ளை பாதி குறைந்திருக்கிறது. புதன் காலை 11 மணிக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. என்ன அண்ணே இது என்று கேட்டேன்.

"வெளிய திண்ணையில டெய்லி ரெண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்காங்க. நாலு மாசமா பாக்குறேன். உள்ள வர்றீங்களான்னு கேக்கலாமான்னு இருக்கு."